தனத்தின் வானத்தில் நாலு நட்சத்திரம்

என் தம்பி மனைவியைத் திரும்ப ஊருக்கு அழைத்து வருவதற்காகத்தான் நான் சிங்கப்பூருக்குக் கப்பலேறினேன். ஊர் பார்க்கும் ஆசையே இல்லை என்று சொன்னால் அது பொய். மாயவரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவள் நான். பூமத்திய ரேகையை உலகப் படத்தில் எத்தனையோ தடவை விரலால் காட்டியிருக்கிறேன். அதன் பக்கத்தில் போய் நிற்கலாம் என்றபோது மனம் துள்ளத்தான் செய்தது. ஆனால் போன காரியம் சந்தோஷமானது இல்லை.

தம்பி வைத்திக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில், சரக்குக் கிட்டங்கியில் குமாஸ்தா வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் முடிந்த கையோடு தனத்தைக் கூட்டிக்கொண்டு போனவன். கோடை விடுமுறை தொடங்கிய சமயம் அவனுடைய சிநேகிதர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "வைத்தி ரொம்ப மனசு விட்டுப்போயிருக்கான். அந்தப் பொண்ணுக்கு ஏக கர்வமாம். எதிர்ல வர்றவங்களை மதிக்கிறதே இல்லையாம். அக்கா ஒரு தடவை வந்து கூட்டிட்டுப் போயிடட்டும்னு சொல்லச் சொன்னான்" என்றார்.

எனக்குக் கல்யாணப் பந்தலில் பார்த்த தனம்தான் நினைவில் இருந்தாள். பளிச்சென்று பேசி, வாய்விட்டுச் சிரித்த பெண். கர்வமா?

கப்பலை விட்டு இறங்கியதும் வைத்தி என்னைக் கம்பி பஸ்ஸில் ஏற்றினான். தலைக்கு மேலே போகும் மின்கம்பியைக் கொம்பு நீட்டிப் பிடித்துக்கொண்டு ஓடும் பஸ் அது. பாதி வழியில் ஒரு திருப்பத்தில் கொம்பு கம்பியை விட்டு நழுவ, வண்டி பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் ஒரு நீண்ட கழியோடு இறங்கி, மாங்காய் பறிப்பவர் மாதிரி அண்ணாந்து கொம்பைத் திரும்பக் கம்பியில் மாட்டினார். யாரும் முணுமுணுக்கவில்லை. பின் ஸீட்டில் இரண்டு பேர் மலாயாவோடு சேர்வது நல்லதா கெட்டதா என்று தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் பஸ் நின்றிருந்தால் பேச்சும் அதோடு நின்று டிரைவர் பக்கம் திரும்பியிருக்கும்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாடி வீடு. கீழே மசாலா அரைக்கும் மில். மிளகாய் நெடி படிக்கட்டில் ஏறி வந்து வரவேற்றது. அதற்குப் பின்னால் தனம் வந்தாள். என் முகத்துக்கு மிக அருகில் வந்து நின்று பார்த்துவிட்டு, "வாங்க அண்ணி, இளைச்சுட்டீங்களே" என்றாள். சாப்பாட்டில் சோற்றோடு பாண்டான் இலை போட்டிருந்தாள். தாழம்பூவும் புது நெல்லும் கலந்த மாதிரி ஒரு வாசனை. மூன்றாம் தடவை சோறு கேட்டு வாங்கியபோது கர்வத்தைப் பற்றி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் வீட்டில் பேச்சு இல்லை. வைத்தி சுவரைப் பார்த்துக் குழம்பு கேட்டான். தனம் சுவரைப் பார்த்துக் குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் காலை முக்குக் கடையில் பரோட்டாவும் காப்பியும் வாங்கித் தருகிறேன் என்று வைத்தி என்னைத் தனியாக அழைத்துப்போனான். மாவு உருண்டையைத் தட்டி, வீசி, பாய் மாதிரி விரித்து, மடித்துப் போடுகிறார்கள். பார்த்துக்கொண்டே நின்றதில் அவன் சொல்லவந்ததைச் சொல்ல நேரமாயிற்று.

"எதிர் வீட்டு ரஹ்மத் பீவி லாத்தா தெரியுமா அக்கா? நாகூர்க்காரங்க, அக்காவை லாத்தான்னுதான் சொல்வாங்க. மரைக்காயர் ஜவுளிக்கடை. நாங்க வந்த புதுசுல வீடு பிடிச்சுக் குடுத்தது அவங்கதான். தனத்தைச் சொந்தத் தங்கச்சி மாதிரி வச்சிருந்தாங்க. போன மாசம் அவங்க பையனுக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறாங்க. கைக்குழந்தை வேற இடுப்புல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு, வண்டி இரைச்சல்ல குரல் கேக்காதுன்னு தனத்தைப் பார்த்துக் கையைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டிருக்காங்க, குழந்தையைக் கொஞ்சம் பிடின்னு. இவ நேருக்கு நேர் பார்த்துட்டு, சந்துக்குள்ள திரும்பிப் போயிட்டா."

"பையன்?"

"பிழைச்சுட்டான். ஆனா லாத்தா அன்னைலேருந்து எங்க வீட்டுப் பக்கம் ஜன்னலையே திறக்கறதில்லை. கேட்டா இவ என்ன சொல்றா தெரியுமா? 'நான் அவங்களைப் பார்க்கவே இல்லை'ங்கறா. தெருவே பார்த்திருக்கு அக்கா. கோயில்ல, சந்தையில, எல்லா இடத்துலயும் இப்படித்தான். செய்யறதையும் செஞ்சுட்டுப் பொய் வேற."

அவன் பரோட்டாவைத் தொடவில்லை. கோபத்தை விட வருத்தம்தான் அவன் முகத்தில் அதிகம் இருந்தது. அவனுடைய பங்கையும் நானே சாப்பிட்டேன். எனக்குச் சங்கடம் வந்தால் பசி கூடும்.

அன்றைக்குச் சாயங்காலம் தனம் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். தேக்கா சந்தைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு தோழியின் வீட்டில் ஒரு ரவிக்கைத் துணியைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். தனத்தின் தையல் பிரசித்தம். பொத்தான் காஜா எடுத்தால் எறும்பு வரிசை மாதிரி இருக்கும். "பச்சை பஸ்தான் அண்ணி, ரெண்டு ஸ்டாப்" என்றாள். பச்சை பஸ் வந்தது. ஏறினோம். ரெண்டு ஸ்டாப் தாண்டியது, நாலு தாண்டியது. கடைகள் குறைந்து தென்னை மரங்கள் வந்தன.

"எங்கம்மா போகணும்?" என்று முன் ஸீட்டில் இருந்த ஒரு தமிழர் திரும்பிக் கேட்டார். தனம் சொன்னாள். "அதுக்கு ஏன் இதுல ஏறினீங்க? இது காத்தோங் போற பஸ்லா. நம்பர் பாக்கலையா?"

தனத்தின் முகம் சிவந்துபோயிற்று. "பச்சையா இருந்துச்சே" என்று மெல்லச் சொன்னாள்.

காத்தோங்கில் இறங்கினால் எதிரே கடல். நான் பஸ்ஸுக்கு நன்றி சொன்னேன். திரும்பிப் போகும் வண்டிக்கு வெகுநேரம் ஆகும் என்றார்கள். கரையோரம் ஒரு மலாய் அம்மாள் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தாள். பீசாங் கோரெங் என்று பெயர். பக்கத்தில் ஒருவர் நீளமான கரி அடுப்பில் குச்சிக் கறி வாட்டிக்கொண்டிருந்தார். நான் சைவம் என்று கையைக் காட்டியதும் அவர் புரிந்துகொண்டு, புகை எங்கள் பக்கம் வராமல் விசிறியைத் திருப்பி வீசினார். வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டு மரப் பலகையில் உட்கார்ந்தோம். தனம் தலை குனிந்தே இருந்தாள். 

பொழுது சாய்ந்தது. இந்த ஊரில் அந்தி நம் ஊரைப்போல நின்று நிதானிப்பதில்லை. விளக்கை அணைத்த மாதிரி போய்விடுகிறது. தென்னை மரங்களுக்கு மேலே மேற்கில் வெள்ளி பளிச்சென்று நின்றது. எதிரே கடலின் மேல் தெற்கு வானம் முழுக்கத் திறந்து கிடந்தது. மாயவரத்தில் வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஏதோ போனால் போகிறது என்று தலைகாட்டும் தென்சிலுவை இங்கே தாராளமாக உயர்ந்திருந்தது. அதன் இடப்பக்கத்தில் கீழே சென்டாரஸ் கூட்டத்தின் இரண்டு நட்சத்திரங்கள் சுடர்விட்டன. பதிலுக்கு வடக்கே நம் துருவ நட்சத்திரம் அடிவானத்தில் எங்கோ தொலைந்துபோயிருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதினைந்து வருஷமாகப் பாடம் நடத்தும் வாய்.

"தனம், அந்த வெள்ளியைப் பாரேன். அதுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சூரிய வெளிச்சம் பட்டுத் திரும்புது, அவ்வளவுதான். இதோ இந்தக் கடைக்காரர் விளக்கு தானே எரியுது. அவர் கையில இருக்கற பீங்கான் தட்டு விளக்கால மினுங்குது. வெள்ளி, வியாழன் எல்லாம் தட்டு. நட்சத்திரம் ஒவ்வொண்ணும் விளக்கு."

"எண்ணெய் ஊத்துறது யாரு?" என்றாள் தனம். முதல் தடவையாக நிமிர்ந்தாள்.

"அதோட பாரமே அதுக்கு எண்ணெய். அத்தனை கனமும் நடுவுல அழுத்த அழுத்த, உள்ளே இருக்கற ஹைட்ரஜன் அணுவெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஹீலியமா மாறுது. அப்படி மாறும்போது துளி எடை குறையும். குறைஞ்ச எடைதான் வெளிச்சமாகவும் சூடாகவும் வெளியே வருது. நம்ம சூரியனும் அப்படித்தான்."

"அப்ப சூரியனும் ஒரு நட்சத்திரமா? தூரமாப் போய் நின்னு பார்த்தா அதுவும் குட்டியாத் தெரியுமா?"

என் வகுப்பில் இந்தக் கேள்விக்கு நான் வருஷக்கணக்காகக் காத்திருக்கிறேன். உற்சாகம் தாங்கவில்லை. "தெரியும். அதோ அந்த சென்டாரஸ் நட்சத்திரம் இருக்கே, நம்ம சூரியனை விட்டா நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கறது அதுதான். அதோட வெளிச்சம் இங்கே வர நாலு வருஷத்துக்கு மேல ஆகும். நீ கல்யாணம் ஆகிக் கப்பலேறின சமயத்துல அங்கேருந்து கிளம்பின வெளிச்சம்மா இது!"

தனம் சிரித்தாள். கல்யாணப் பந்தல் சிரிப்பு.

"எது தட்டு, எது விளக்குன்னு இங்கேருந்தே கண்டுபிடிக்கலாம். வெள்ளி அசையாம நிக்குது பார். நட்சத்திரம் மினுக்கு மினுக்குன்னு துடிக்குது. இந்தக் கரி அடுப்புக்கு மேலால கடலைப் பாரு. தூரத்துக் கப்பல் விளக்கெல்லாம் சூட்டுக் காத்துல நடுங்குதில்ல? நட்சத்திரம் அவ்வளவு தூரத்துல இருக்கறதால வெறும் புள்ளி. நம்ம தலைக்கு மேல இருக்கற காத்து அசைஞ்சா அந்தப் புள்ளி ஆடிப்போகும். கிரகம் பக்கத்துல இருக்கு. புள்ளியில்லை, குட்டி வட்டம். வட்டத்துல ஒரு பக்கம் ஆடினா இன்னொரு பக்கம் சரிக்கட்டிடும்."

தனம் அடுப்புக்கு மேலாகப் பார்த்தாள். கண்களை இடுக்கிப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. எதுவுமே மினுக்கலையே?"

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பார்க்குறேன். வெள்ளி பெரிய பஞ்சு உருண்டை. இந்தப் பக்கம் ரெண்டு மூணு சின்னப் பஞ்சு. அவ்வளவுதானே மொத்தம்? எண்ண முடியாத நட்சத்திரம்னு சொல்றதெல்லாம் சும்மா அழகுக்குச் சொல்றதுன்னுதான் நான் நெனச்சுட்டிருக்கேன். வானத்துல எப்பவும் நாலஞ்சுதானே இருக்கு."

என் கையிலிருந்த வாழைப்பழம் அப்படியே நின்றது.

"கடல்ல என்ன தெரியுது தனம்?"

"வெளிச்சமாத் திட்டுத் திட்டா இருக்கு."

"அந்தப் படகுல இருக்கற ஆள்?"

"எங்கே படகு?"

கல்லெறி தூரத்தில் ஒரு மீனவர் நின்றபடி வலையை உதறிக்கொண்டிருந்தார்.  பச்சை பஸ் நினைவுக்கு வந்தது. வாசலில் என் முகத்தருகே வந்து நின்று பார்த்தது நினைவுக்கு வந்தது. அருகில் உள்ளது அத்தனையும் துல்லியமாகத் தெரிவதால், ஊசியில் நூல் கோப்பதால், பத்திரிகையின் பொடி எழுத்தைப் படிப்பதால், அவளுக்குக் கண்ணில் குறை என்று யாருக்கும், அவளுக்கே கூட, தோன்றியதில்லை. உலகம் எல்லாருக்கும் இப்படிப் பஞ்சாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். பத்து வயதில் பள்ளியை நிறுத்திய பெண். கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லக்கூட வாய்ப்பு அமையவில்லை.

மெதுவாகச் சொன்னேன். கிட்டப்பார்வை, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றேன். முதலில் பயந்தாள். "குருடாயிடுவேனா அண்ணி?" இல்லை என்று கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"அப்ப நான் பொய் சொல்லலை, இல்லையா அண்ணி? எல்லாரும் சொல்லிச் சொல்லி, பார்த்துட்டுத்தான் போனேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மலாய் அம்மாள் என்ன நினைத்தாளோ, இன்னும் இரண்டு வாழைப்பழத்தை இலையில் வைத்துக் கொண்டுவந்து தந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள்.

வைத்தியிடம் சொன்னபோது நம்பவில்லை. "கண்ணு தெரியாதவளா இவ்வளவு நுணுக்கமாத் தைக்கிறா? உங்ககிட்டயும் கதை விட்டுட்டாளா?" என்றான். எனக்குக் கோபம் வந்தது. அவன் சின்னப் பையனாக இருந்தபோது காதைத் திருகிய பழக்கம் கைக்கு ஞாபகம் வந்தது, அடக்கிக்கொண்டேன். "நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்போது வீட்டுக்குள்ள வராதே. எதிர்ப்பக்கம் ஐந்தடியில நின்னு ஜன்னலைப் பாரு" என்றேன். ஐந்தடி என்பது கடைகளுக்கு முன்னால் மழை வெயில் படாமல் போகும் நடைபாதை.

மறுநாள் நானும் தனமும் ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். வைத்தி எதிர்ப்பக்கம் வந்து நின்றான். தனம் தலையைத் தூக்கி நேரே அவனைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. திரும்பக் கீரைக்குப் போனாள். வைத்தி கையைத் தூக்கினான். அவள் மறுபடி பார்த்தாள்; மறுபடி கீரை. அவன் இரண்டு கையையும் ஆட்டினான். நாக்கை நீட்டினான். கடைசியில், துறைமுகத்தில் யாரோடும் அதிகம் பேசாத என் தம்பி, வெள்ளைச் சட்டையும் கால்சட்டையுமாகக் காவடி ஆட்டம் மாதிரி ஐந்தடி நடுவில் சுற்றிச் சுற்றி ஆடினான். மில்லுக்கு வந்தவர்கள் கைதட்டினார்கள்.

"அண்ணி, எதிர்ல யாரோ ஒருத்தர் ஆடுறார். பட்டப்பகல்ல குடிச்சிருக்கார் போல, பாவம்" என்றாள் தனம். "உங்க தம்பி சாப்பிட வர்ற நேரம். இந்தக் கூட்டத்துல மாட்டிக்கப் போறார்."

வைத்தி ஆட்டத்தை நிறுத்திவிட்டான். அவள் இன்னும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அதே சலனமில்லாத முகத்தோடு. இத்தனை நாளாக அவன் கர்வம் என்று நினைத்த முகம். அவன் தெருவைக் கடந்து படியேறி வந்தபோது சட்டை வியர்த்திருந்தது. கண்ணையும் துடைத்திருந்தான்.

"குடிகாரனைப் பார்த்தியா?" என்று கேட்டான்.

அவள் எழுந்து அவன் அருகே வந்து முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். "நீங்களா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு நடுவில் அழுகையாயிற்று. "என்னை மன்னிச்சுடு தனம்" என்று அவன் சொன்னது எனக்குக் கேட்காது என்று நினைத்தான். எனக்குக் கேட்டது. நான் கீரையோடு அடுப்படிக்குப் போனேன்.

கண்ணாடிக் கடைக்காரர் ஒரு சீனர். அவரும் வைத்தியும் பாதி மலாய் பாதி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். மூன்று கால் இருக்கும் E என்ற ஒரே எழுத்தைப் பல திசைகளில் திருப்பித் திருப்பி எழுதிய அட்டை. கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்ட வேண்டும். தனம் மேல் வரிசையிலேயே நின்றுவிட்டாள். "இந்தப் பெண் இவ்வளவு காலம் இந்த ஊரில் தெருவை எப்படிக் கடந்தாள்?" என்று கடைக்காரர் கேட்டதாக வைத்தி தமிழில் சொன்னான். சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது.

சில நாளில் கண்ணாடி தயாராயிற்று. கருப்புச் சட்டம், தடித்த வில்லை. கடை வாசலில் போட்டுக்கொண்டு தனம் அப்படியே நின்றாள். எதிரே ஒரு மரம். "அண்ணி, மரத்துல இலை தனித்தனியா இருக்கு!" என்றாள். பிறகு வைத்தியைப் பார்த்து, "உங்களுக்கு நரைச்சிருக்கே" என்றாள். வீடு வரும் வரை பஸ் நம்பர்களைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். வீடு வந்ததும் அடுப்படிச் சுவரின் மேல்பாகத்தைப் பார்த்து, "இவ்வளவு ஒட்டடையோடயா உங்களுக்குச் சோறு போட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ரஹ்மத் பீவியிடம் நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். "வேண்டாம் அண்ணி, நான் போறேன். நீங்க கூட வாங்க, போதும்" என்றாள். கதவைத் திறந்த அந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள். தனம் நின்ற இடத்திலேயே நின்று சொன்னாள்:

"லாத்தா, அன்னைக்கு ரோட்டுல நீங்க கூப்பிட்டது எனக்குத் தெரியலை. அந்தத் தூரத்துல நீங்க எனக்கு ஒரு கலர் மட்டும்தான். புள்ளைக்கு அப்படி ஆனது தெரிஞ்சிருந்தா நான் ஓடி வந்திருக்க மாட்டேனா?"

ரஹ்மத் பீவி திரும்பி அந்தக் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தாள். கழற்றி வாங்கித் தன் கண்ணில் வைத்துப் பார்த்து, "யா அல்லா, தலை சுத்துது" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் புள்ள, அப்ப இத்தனை வருஷமா எம் மூஞ்சி எப்படி இருக்கும்னே உனக்குத் தெரியாதா?"

"கிட்ட வந்தா தெரியும் லாத்தா. நீங்கதான் ஒரு மாசமா கிட்டயே வரலையே."

ரஹ்மத் பீவி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். வலிப்பு வந்து பிழைத்த பையன் உள்ளேயிருந்து ஓடி வந்து, தனத்தின் மூக்கின் மேல் இருந்ததைப் பார்த்து மிரண்டு, தாயின் பின்னால் ஒளிந்தான். அன்றைக்கு இரவுச் சாப்பாடு அங்கேதான். எனக்கென்று தனிச் சட்டியில் கத்தரிக்காய் சமைத்தார்கள். எதிர்ஜன்னல்கள் திறந்தேயிருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மரைக்காயரின் ஜவுளி வேனில் துணி மூட்டைகளை இறக்கிவிட்டு நாங்கள் ஏறிக்கொண்டு பாசிர் பாஞ்சாங் கடற்கரைக்குப் போனோம். வழியில் வேன் இரண்டு தடவை நின்றது. இரண்டு தடவையும் ஆண்கள் தள்ளினார்கள், பெண்கள் உள்ளே உட்கார்ந்து யோசனை சொன்னோம். இருட்டியதும் தனம் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து அண்ணாந்தாள். 

"இத்தனையா?" என்றாள், ரொம்ப நேரம் கழித்து. "இத்தனையும் நெஜமா?"

பிறகு விரல் நீட்டித் தட்டு எது, விளக்கு எது என்று பிரிக்க ஆரம்பித்தாள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்று வைத்தியிடம் காட்டினாள். சூடு அதிகமானது நீலம், குறைந்தது சிவப்பு என்று நான் குறுக்கே புகுந்து சொன்னேன். திடீரென்று என் தோளைத் தட்டினாள். "அண்ணி! உங்க வெள்ளியும் மினுக்குதே!"

கடலைத் தொடப்போகும் உயரத்துக்கு இறங்கியிருந்த வெள்ளி உண்மையாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. அடிவானத்தில் அதன் ஒளி காற்றின் கனத்த பகுதியில் வெகுதூரம் நுழைந்து வர வேண்டும். அங்கே கிரகமும் கொஞ்சம் ஆடும் என்றேன். "அதை மொதல்லயே சொல்லலையே?" என்றாள். ரஹ்மத் பீவி, "டீச்சரையே மடக்கிட்டா" என்று கைகொட்டினாள். நான் தோற்றதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நான் புறப்பட்ட நாளில் துறைமுகத்துக்கு எல்லாரும் வந்தார்கள். ஊறுகாய், பாண்டான் இலைக் கட்டு, மரைக்காயர் கடைப் புடவை என்று என் பெட்டி வந்ததை விட இரண்டு மடங்கு கனத்திருந்தது. தனத்துக்கென்று கேட்டு வைத்திருந்த கப்பல் இடத்தில் வேறு யாரோ ஒரு அம்மாள் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். நான் மேல்தட்டுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கப்பல் கரையை விட்டு விலகியது. எல்லாரும் கையசைத்தார்கள், நானும் அசைத்தேன். தூரம் கூடக்கூட முகங்கள் எனக்குக் கலந்துபோயின. கரையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கையை இறக்கிக்கொண்டார்கள். ஒரு கை மட்டும் இறங்கவில்லை. நான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன். அங்கே அந்தக் கையும் உடனே கண்ணருகே போய்த் துடைத்துக்கொண்டு மறுபடி உயர்ந்தது. எனக்கு அவள் தெரியாமல் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் தெரிந்துகொண்டிருந்தேன்.